அக்கா வைத்துவிட்டுப் போன சேவல்

அன்றைக்கு எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுச் சீன அங்கிள், நகராட்சிக் கவுன்சிலிலிருந்து வந்த மலாய்க்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் கையில் ஃபைல், இன்னொருவர் கையில் படம் எடுக்கப் போன். அப்புறம் எட்டுப் பெட்டைக்கோழிகள். அதில் மூன்றுக்கு முதுகில் நீலத்துணி கட்டியிருந்தது. கூண்டின் தகரத்துக்கு மேல் ஒரு சேவல். இவ்வளவுதான். சேவலுக்குச் சொந்தக்காரி மட்டும் அங்கே இல்லை.

அவள் எங்கேயும் இருக்கமாட்டாள். அவளுடைய சாமான் இருக்கும்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி அவள் வீடு. ஜெலுத்தோங்கில் அந்த வரிசையில் எல்லோருக்கும் அவள் அக்கா. பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் கிடையாது. நானும் முகத்துக்கு நேரே "அக்கா, வாங்க, உக்காருங்க" என்றுதான் பேசினேன். எழுதும்போது 'அவள்' என்றுதான் வருகிறது. வரட்டும். நான் படிவம் ஒன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மரியாதைக்கு எங்கே என்ன எழுத்துப் போட வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் இதை எழுதி முடிக்க முடியாது.

அவள் வீட்டுக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது தரை. அப்படி ஒரு சுத்தம். ஹாலில் ஒரு சோபா, ஒரு டிவி, ஒரு சாமி படம். வேறு ஒன்றும் இல்லை. பேசினால் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வரும். நான் முதல் தடவை போனபோது பொறாமையாகக்கூட இருந்தது. என் வீட்டில் நடக்க வழியில்லாமல் பெட்டியும் சட்டியும் கிடக்க, இவளால் மட்டும் எப்படி முடிகிறது என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. என் வீட்டில் கிடந்த பெட்டியிலும் சட்டியிலும் பாதி அவளுடையது.

பிரியாணி அண்டா ஒன்று. தீபாவளி விளக்குச் சரம் ஒரு பெட்டி. அவள் மகள் சின்ன வயதில் ஓட்டிய சைக்கிள். எல்லாம் ஒரே மாதிரிதான் வந்தது. கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு கூப்பிடுவாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் சாமான் கேட்டுக்கு உள்ளே இருக்கும். "ரெண்டு நாளைக்கு வெச்சிரும்மா, வந்து எடுத்துக்கறேன்." சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். கன்னத்தில் குழி விழும். அவள் திரும்பி நடக்கும்போதுதான் நான் வேண்டாம் என்று சொல்ல நினைத்தது எனக்கே ஞாபகம் வரும்.

என்னிடம் மட்டும் இல்லை. மூலை வீட்டு அம்மாவிடம் ஒரு பழைய வாஷிங் மெஷினை மூன்று வருடம் வைத்திருந்தாள். அந்த அம்மா வீடு மாறி ஜுருவுக்குப் போனபோது லாரி வந்து நின்றுவிட்டது. இவள் வீடு பூட்டிக்கிடந்தது, போனும் எடுக்கவில்லை. ரோட்டில் போட்டுவிட்டுப் போக அந்த அம்மாவுக்கு மனசு வரவில்லை. லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அந்த மெஷின் இப்போதும் ஜுருவில்தான் இருக்கிறது. ஓடாத மெஷின்.

ஒருமுறை மாமியாரையே கொண்டுவந்து விட்டாள். "ஒரு மணி நேரம் பாத்துக்கம்மா, கிளினிக் போயிட்டு ஓடியாந்துடறேன்." அடுத்த நாள் சாயங்காலம்தான் வந்தாள். எனக்கு அன்று தூக்கமே இல்லை. அந்தக் கிழவிக்கு என்ன மருந்து, எத்தனை மணிக்கு, சர்க்கரை இருக்கிறதா, ராத்திரி மூச்சு நின்றுவிட்டால் யாருக்குப் போன் செய்வது என்று அறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். கிழவி நன்றாக மைலோ குடித்தார். பிஸ்கட் நனைத்துச் சாப்பிட்டார். மறதிக்காரி, பாவம், மறந்திருப்பாள் என்று நான் மருமகளுக்காகப் பேசினேன். கிழவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"மறந்துட்டுப் போவான்னா நெனச்ச? அவ ஒண்ணையும் மறக்கமாட்டா. ஞாபகமாத்தான் விட்டுட்டுப் போவா."

பெற்றவளைவிட மாமியாருக்குத்தான் ஒருத்தியை நன்றாகத் தெரியும்.

சேவல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். துணி போடுகிற பிளாஸ்டிக் கூடைக்குள் இருந்தது. மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டியிருந்தாள். காலில் மஞ்சள் துணி முடிந்திருந்தது. சாமிக்கு விட்டது என்று அதைப் பார்த்ததுமே தெரிந்தது, பயந்தேன்.

"முனீஸ்வரருக்கு நேந்துகிட்டேம்மா. மகளுக்கு அரசாங்க யூனிவர்சிட்டில எடம் கெடைக்கணும்னு. திருவிழாவுக்கு ரெண்டு மாசந்தான். எங்க வீட்ல எங்க வெக்கிறது, எல்லாம் டைல்ஸ். உன்கிட்ட எட்டு பொம்பளைங்க சும்மாதானே இருக்காளுங்க, ஒரு மாப்பிள வேணாமா?"

"அக்கா, எனக்கு முட்டைக்கு சேவல் வேணாம்க்கா. பெட்டைங்களே போடும்."

"சாமி சேவல வேணாங்கிற?"

நான் குனிந்து கூடையைத் தூக்கினேன். அவள் போய்விட்டாள்.

என் கோழிகளைப் பற்றிச் சொன்னால்தான் நான் ஏன் பயந்தேன் என்று தெரியும். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் பத்தொன்பது வருடம் லைனில் நின்றேன். லைனை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதே ஃபேக்டரிக்குப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு மறு வருடம் முட்டி போய்விட்டது. கிளட்ச் மிதிக்க முடியாது. அப்புறம் நான் காலையில் ஒரு கிளினிக்கில் கூட்டித் துடைக்கிறேன். மற்றதெல்லாம் இந்த எட்டுக் கோழிதான். கம்பத்துக்கோழி, அதாவது நாட்டுக்கோழி முட்டை, ஒன்று ஒரு வெள்ளி, ஒரு ரிங்கிட். நாளைக்கு ஐந்து, நல்ல நாளில் ஆறு. தண்ணீர் பில், கரண்ட் பில் இரண்டையும் இந்தப் பெட்டைகள்தான் கட்டின. ஒரு கோழி இரண்டு நாள் முட்டை போடாவிட்டால் நான் பில்லை எடுத்துவைத்துக் கணக்குப் பார்ப்பேன்.

ஒரு சேவலுக்கு எட்டுப் பெட்டை போதாது, இன்னும் இரண்டு இருந்தால் நல்லது என்று பசாரில் கோழி விற்கிறவர் சொன்னார். போதாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "இருக்கறதே திரும்பத் திரும்ப மிதி வாங்கும்" என்றார். அப்படித்தான் ஆனது. அந்தச் சேவலுக்கு எட்டில் மூன்றைத்தான் பிடித்தது. காலையில் மிதிக்கும், மத்தியானம் மிதிக்கும், தீவனம் தின்னும்போது மிதிக்கும். ஒரு மாதத்தில் மூன்றுக்கும் முதுகில் இறகு போய் வெறும் தோல் தெரிந்தது. சிவந்துபோய், பார்க்கச் சகிக்காது. என் பழைய ஃபேக்டரி சட்டையை வெட்டி மூன்றுக்கும் முதுகுத்துணி தைத்தேன். இரண்டு இறக்கைக்கு அடியில் நாடா விட்டுக் கட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் கதவில் சாய்ந்து நின்று பார்த்தார்.

"இந்தா, பஞ்ச் கார்டு குடு அதுங்களுக்கு. ஷிஃப்டுக்குப் போவட்டும்."

சிரிப்பு வரவில்லை எனக்கு.

இன்னொரு கோழி அடைக்குப் படுத்துவிட்டது. கூட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை, முட்டையும் நின்றுபோனது. அடுத்து டீச்சரம்மா. ரிட்டையர் ஆன தமிழ் டீச்சர், பின் ரோட்டில் இருக்கிறார். வாரம் இருபது முட்டை அவருக்குத்தான் போகும். அவர் கறி மீன் தொடமாட்டார், முட்டை மட்டும் சாப்பிடுவார். அதுவும் சேவல் சேராத கோழி போட்ட முட்டையாக இருக்க வேண்டும். அதில் உயிர் இல்லை, அது காய்கறி மாதிரிதான் என்பது அவர் கணக்கு. அதற்காகத்தான் கடையில் வாங்காமல் என்னைத் தேடிப்பிடித்து வாங்கினார். நான் சேவல் வந்ததைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே மூன்று வாரம் போய்விட்டது. நாலாவது வாரம் அவரே கேட்டுக்கு வந்தார். பையைக்கூட எடுத்து வரவில்லை.

"கூவறது எங்க வீடு வரைக்கும் கேக்குதும்மா. முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் நீ."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்றைக்கு நான் சோறு சாப்பிடவில்லை. மூன்று வாரத்து அறுபது முட்டை. அவர் வயிற்றில் போன உயிருக்கெல்லாம் யார் பொறுப்பு என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சேவல் தன் எஜமானி மாதிரி இல்லை. புழுவோ சோறோ கண்டால் தான் தின்னாது. தலையைத் தாழ்த்தி ஒரு மாதிரி கொக்கரித்துப் பெட்டைகளைக் கூப்பிடும். அவை தின்று முடிக்கும்வரை பக்கத்தில் நிற்கும். லொங்காங்கிலிருந்து, பின்னால் ஓடுகிற சாக்கடையிலிருந்து, உடும்பு ஏறி வந்த அன்று, பெட்டைகளைக் கூண்டுக்குள் விரட்டிவிட்டு அது மட்டும் வெளியே இறக்கையை விரித்துக்கொண்டு நின்றது. நான் துடைப்பத்தோடு ஓடிவரும்வரை நின்றது. அதனால் அதைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. திட்டவேண்டியதையெல்லாம் இரண்டு வீடு தள்ளி இருந்தவளுக்கே சேர்த்துவைத்தேன்.

திருவிழா வந்தது. பந்தல் போட்டார்கள், உறுமி அடித்தார்கள். நான் சேவலைக் குளிப்பாட்டி, மஞ்சள் துணியை மாற்றிக் கட்டிக் காத்திருந்தேன். அவள் வரவில்லை. நான் போனில் அனுப்பியதற்கு இரண்டு நீலக் கோடு மட்டும் விழுந்தது. மறுநாள் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் டிவி சத்தம் கேட்டது.

"எப்படிம்மா குடுக்கறது? வேண்டுனது இன்னும் நடக்கலியே. எடம் கெடச்சாத்தானே சேவல். சாமிகிட்ட அட்வான்ஸா குடுப்பாங்களா யாராச்சும்? வெச்சிரும்மா."

அப்போது நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே வெட்கம். அவள் மகளுக்கு இடம் கிடைக்க வேண்டும் என்று நான் வேண்ட ஆரம்பித்தேன். கிளினிக் முடிந்து வரும் வழியில் அதே முனீஸ்வரர் கோயில். செவ்வாயும் வெள்ளியும் நின்று, கண்ணை மூடி, சத்தமாகவே சொன்னேன். "அப்பனே, அந்தப் பிள்ளைக்கு எடத்தக் குடு." என் சொந்த மகன் சிங்கப்பூரில் வேலை தேடிப் போனபோதுகூட நான் அத்தனை உருகவில்லை. பெற்ற தாய் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடம் கிடைத்தது. அதையும் அவள் என்னிடம் சொல்லவில்லை. ரோட்டோர ஒட்டுக்கடையில் லட்டு கொடுத்தாளாம், கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். நான் ஓடினேன்.

"சந்தோஷம்க்கா. அப்ப சேவல..."

"திருவிழாதான் முடிஞ்சிருச்சேம்மா. மொட்டையா போயி குடுக்க முடியுமா? அடுத்த வருசம் ஜாம்ஜாம்னு செஞ்சிடுவோம்."

'செஞ்சிடுவோம்' என்றாள். அதில் எனக்கும் பங்கு கொடுத்துவிட்டாள்.

இதற்குள் பக்கத்து வீட்டு அங்கிளுக்குக் கஷ்டம் வந்துவிட்டது. அவர் மனைவி ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தார். வலி மாத்திரை போட்டு விடியக்காலையில்தான் அந்த அம்மாவுக்குக் கண் அசரும். சரியாக அந்த நேரத்துக்குச் சேவல் கூவும். அங்கிள் மதில்மேல் கையை வைத்து மலாயில் சொன்னார். "இங்க பாரு, பெட்டைக்கோழி ஓகே லா. பத்து வருசமா நான் ஒண்ணும் சொல்லல. இந்த ஜந்தான் மட்டும் தூக்கிடு, ப்ளீஸ்." ஜந்தான் என்றால் ஆண். நான் சாமிக்கு விட்டது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். இன்னும் மூன்று வாரம் பொறுத்தார். அவர் இடத்தில் நானாக இருந்தால் மூன்று நாள் பொறுத்திருக்கமாட்டேன்.

அப்புறம்தான் அந்த ஐந்து பேரும் பின்பக்கத்தில் நின்ற நாள். ஃபைல் வைத்திருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். புகார் வந்திருக்கிறது. பதினாலு நாளில் திரும்பி வருவோம். சேவல் இருந்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போவோம், பெட்டைகளையும் சேர்த்து. அபராதமும் உண்டு. சேவல் இல்லை என்றால் புகாரை மூடிவிடுவோம். படம் எடுத்தவர் நீலத்துணி கட்டிய கோழிகளை இரண்டு தடவை எடுத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் எடுத்தார். அங்கிள் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் நோட்டீசை வாங்கி நாலாக மடித்தார். அவர் பெயர்தான் அதில் இருந்தது.

நான் நேராக அவள் வீட்டுக்குப் போனேன். கேட்டைத் திறக்காமல் உள்ளே இருந்தபடியே பேசினாள்.

"கவுன்சில்ல இருந்து வந்துட்டாங்கக்கா. பதினாலு நாள் குடுத்திருக்காங்க."

"அதுக்கு ஏம்மா இப்படி நடுங்குற? அவனுங்க எழுதிட்டுப் போவானுங்க, அவ்ளோதான்."

"எங்க வீட்டுக்காரரு பேர்ல நோட்டீசுக்கா."

"என் பேர்ல வரலல்ல? அப்ப எங்கிட்ட ஏன் சத்தம் போடுற?"

நான் சத்தம் போடவில்லை.

"கோழியெல்லாம் புடிச்சிட்டுப் போயிட்டா எங்களுக்கு ஒண்ணும் இல்லக்கா. நீங்க எடுத்துக்குங்க, இல்லன்னா நான் யாருக்காச்சும் குடுத்துடறேன்."

அவள் கன்னத்துக் குழி அப்போதும் விழுந்தது. குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

"நேந்து விட்டதம்மா. வித்தாலும் பாவம், அறுத்தாலும் பாவம், சும்மா குடுத்தாலும் பாவம். அந்தப் பாவம் யாருக்கு? கையில வெச்சிருக்கறவளுக்கு. நான் சொல்லல, சாமி கணக்கு அது. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வீட்டுக்கு வந்து அழுதேன். என் வீட்டுக்காரர் "நீ ஏன் அழுவுற, நாளைக்கே நான் கொளம்பு வெக்கறேன் அத" என்றார். அவர் வாயை நான் பொத்தினேன். சாமி காதில் விழுந்திருக்குமோ என்று அதற்கும் பயந்தேன்.

ஒன்பதாவது நாள் அது நடந்தது. என் கோழிகளில் நன்றாக முட்டை போடுகிற செம்பட்டைக் கோழி, துணி கட்டியதில் ஒன்று, கூண்டு ஓரத்தில் படுத்துக் கிடந்தது. துணியைத் தாண்டி விலாவில் கிழிந்திருந்தது. ஒரு விரல் நீளம். சேவலின் காலுக்குப் பின்னால் இருக்கிற முள் கிழித்த காயம். இரண்டு கால் முள்ளும் கொக்கி மாதிரி வளர்ந்திருந்தன. நான் யோசிக்கவே இல்லை. எப்போதும் எல்லாவற்றையும் நூறு தடவை யோசிக்கிறவள் அன்றைக்கு மட்டும் யோசிக்கவில்லை. சேவலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, என் வீட்டுக்காரருடைய குறடால் இரண்டு முள்ளையும் வெட்டினேன். நுனியை மட்டும் எடுக்கத்தான் நினைத்தேன். குறடு நழுவி அடியோடு போய்விட்டது. ரத்தம் வந்தது. மஞ்சள் வைத்துக் கட்டினேன். சேவல் என்னைக் கொத்தவில்லை.

பன்னிரண்டாவது நாள், இனி அவளை நம்பிப் பயனில்லை, அவள் பெயரைச் சொல்லி நானே கோயிலில் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அதே பிளாஸ்டிக் கூடை. என் வீட்டுக்காரர் மோட்டோவை ஓட்ட, நான் பின்னால் கூடையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தேன். பூசாரி சேவலை வெளியே எடுத்தார். கொண்டையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், இறக்கையை விரித்துப் பார்த்தார். நல்ல சேவல் என்றார். அப்புறம் காலைத் திருப்பினார்.

"என்னம்மா இது? முள்ளு எங்க?"

சொன்னேன்.

"ஊனமாயிருச்சேம்மா. நகம் ஒடஞ்சிருந்தாகூட நாங்க எடுக்கமாட்டோம். முழுசாத்தான் குடுக்கணும் அவருக்கு."

"திரும்ப வளராதா சாமி?"

"வளந்தா வளரட்டும். இந்தச் சேவல் இனி ஆகாது."

நான் கோயில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். இவர் பூசாரியிடம் நோட்டீசைக் காட்டினார். பூசாரி நல்ல மனிதர். கோயிலுக்குப் பின்னால் இதே மாதிரி வந்த நொண்டிச் சேவல்கள் நாலைந்து திரிகின்றன, இதுவும் கிடக்கட்டும் என்றார். "ஆனா வேண்டுதல்ல சேராது. அதுக்கு முழுச் சேவல் வேற கொண்டாரணும். இல்லன்னா நூத்தம்பது கட்டுனா நாங்களே வாங்கி வெப்போம்."

பதினாலாவது நாள் அவர்கள் வந்தார்கள். கூண்டைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். எட்டுப் பெட்டையும் எனக்கு மிச்சம். அங்கிள் ஒரு பை ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். அவர் மனைவி நன்றாகத் தூங்கினாராம்.

அதற்கு அடுத்த நாள், ஏழு மாதமாகச் சேவலைப் பார்க்க ஒரு தடவைகூட வராதவள், வந்து நின்றாள்.

"என் சேவல் எங்கம்மா?"

விஷயம் அவளுக்கு முன்பே தெரியும். பூசாரி சொல்லியிருக்கிறார். என் வாயால் வரவழைக்கத்தான் கேட்டாள். நான் உளறி உளறிச் சொன்னேன். அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"சாமி சொத்துல கத்திய வெச்சிட்டியே தங்கச்சி. எனக்கு என்னப் பத்தி இல்ல, உன்ன நெனச்சாத்தான் பயமா இருக்கு."

அதுவரை என்னை அவள் தங்கச்சி என்று கூப்பிட்டதே இல்லை.

"நான் வேற சேவல் வாங்கித் தந்துடறேன்க்கா."

"சேச்சே, நீ எங்கம்மா போவே. நான் பூசாரிகிட்ட பேசிக்கறேன். நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத."

அந்த ஒரு வார்த்தைக்கு என் உடம்பே லேசாகிவிட்டது. இவ்வளவு நாளும் இவளைத் தப்பாக நினைத்துவிட்டேனோ என்றுகூட நினைத்தேன். பத்து முட்டையைப் பையில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து அவள் தாசேக் கெலுகோருக்குப் போய்விட்டாள். அங்கே புது வீடு வாங்கியிருந்தாளாம். சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு காலையில் பார்த்தால் கேட்டில் வீடு வாடகைக்கு என்று அட்டை தொங்கியது. போன் நம்பரும் மாறிவிட்டது.

அவள் போன பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பூசாரியிடம் கேட்டேன். மனசு கேட்காமல்தான் கேட்டேன். அந்த அக்கா சேவலுக்குப் பணம் கட்டிவிட்டார்களா என்று. அவர் ஒரு நீட்டு நோட்டை எடுத்தார். காணிக்கை பாக்கி எழுதுகிற நோட்டு. பக்கத்தைத் திருப்பி என் பக்கம் காட்டினார். எனக்குத் தமிழ் வாசிக்க வரும், வேகமாக வராது. விரலை வைத்து வாசித்தேன். மகள் ஸ்கூல் பரீட்சைக்கு ஒரு சேவல். வீட்டு லோனுக்கு ஒரு சேவல். அவள் வயிற்று ஆபரேஷனுக்கு ஒரு சேவல். யூனிவர்சிட்டிக்கு ஒன்று. கேட்டது நாலும் நடந்திருக்கிறது. நாலு வரியிலும் 'கொடுப்பவர்' என்ற இடத்தில் வேறு வேறு பெயர். ஜுருவுக்குப் போன மூலை வீட்டு அம்மா பெயர், கட்டியாயிற்று என்று கோடு போட்டிருந்தது. ஒட்டுக்கடைக்காரர் பெயர், கோடு. எனக்குத் தெரியாத ஒரு பெண் பெயர், அதற்கும் கோடு. நாலாவது வரியில் கோடு இல்லை. என் பெயர் இருந்தது. என் வீட்டுக்காரர் பெயரும் சேர்த்து, எழுத்துப் பிழை இல்லாமல்.

"நீங்கதான் குடுக்கறதா ஒத்துக்கிட்டீங்கன்னு சொன்னாங்களே" என்றார் பூசாரி.

வீட்டில் சொன்னபோது இவர் கத்தினார். "ஒரு காசு கட்டாத. வேண்டுனது யாருன்னு சாமிக்குத் தெரியாதா?"

தெரியும்தான். அதுதான் என் பயம். அந்தப் பிள்ளைக்கு இடம் கேட்டு அந்த வாசலில் நின்றவள் யார் என்று அவருக்குத் தெரியும். செவ்வாயும் வெள்ளியும் நின்றவள் அவள் இல்லை. அவர் யாருக்காகக் கொடுத்தார் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? இதை இவரிடம் சொன்னால் அடிக்க வருவார்.

முட்டைக் காசிலிருந்து மாதம் இருபது கொடுக்கிறேன். அவள் பெயரைச் சொல்லிக் கொடுப்பதில்லை, வாய் வரவில்லை. டீச்சரம்மா இன்னும் திரும்பி வரவில்லை, அதனால் போன மாதம் கொடுக்க முடியவில்லை. இதுவரை எண்பது கட்டியிருக்கிறேன். பாக்கி எழுபது வெள்ளி.